சிறிய சூழலியல் கட்சி வேட்பாளரின் அரசியல் வாழ்வைத் தொகுத்து எழுதுவது எப்படி?

தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியலில், வென்றவருக்கு வெகு கீழே நிற்கும் சூழலியல் கட்சி வேட்பாளருக்குக் கிடைப்பது ஒற்றை வரிதான்: பெயர், கட்சி அல்லது ‘சுயேச்சை’ என்ற குறிப்பு, வாக்கு எண்ணிக்கை. மறுநாள் செய்தித்தாளில் அதுவும் சுருங்கி, ‘டெபாசிட் இழந்தோர்’ என்ற மொத்தக் கணக்குக்குள் மறைந்துவிடும். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி ஊர் வரலாறோ, கலைக்களஞ்சியக் கட்டுரையோ, கல்லூரி ஆய்வேடோ எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியையே நீட்டி எழுதிவிட்டு, மிச்ச இடத்தைப் புகழுரையாலோ ஏளனத்தாலோ நிரப்பிவிடுகிறார்கள். அவர் மொத்தம் எத்தனை வாக்கு வாங்கினார் என்று பார்ப்பதற்கு முன், அவர் கையில் எடுத்த பிரச்சினை நடந்த ஊர்களில் அந்த வாக்கு எப்படி விழுந்தது என்று பார்த்தால், எழுதுவதற்கு உண்மையான சரக்கு கிடைக்கும்.

இந்த முறையை விளக்குவதற்குப் பொதுவெளியில் ஆவணங்கள் ஏராளமாக உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வது வசதி என்பதால், அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளரும் பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கியவருமான சுப. உதயகுமாரனின் தேர்தல் வாழ்வை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை.

பிரச்சினையின் காலவரிசை முதலில்

வேட்பாளரின் பிறந்த ஊர், படிப்பு, குடும்பம் என்று தொடங்கும் பழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு தாளை இரு பத்தியாகப் பிரித்து, இடப்புறம் பிரச்சினையின் நிகழ்வுகளையும் வலப்புறம் அதே மாதங்களில் நடந்த தேர்தல்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். கூடங்குளத்தைப் பொறுத்தவரை இடப்புறம் 1988ஆம் ஆண்டு இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்கும். 2001இல் அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் உருவானது, 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் தொடங்கிய உண்ணாவிரதம், 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் நடந்த காவல்துறை நடவடிக்கை, 2013 மே 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை அடுத்தடுத்து வரும்.

வலப்புறத்தை நிரப்பும்போதுதான் இந்த வேலையின் பயன் தெரியும். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது 2011 செப்டம்பர் 22; உள்ளாட்சித் தேர்தல் நடந்தது அதே ஆண்டு அக்டோபர் 17, 19 தேதிகளில். அந்த நிலைப்பாட்டை மாற்றி, அணுமின் நிலையப் பணிகளைத் தொடர அரசு ஒப்புதல் அளித்தது 2012 மார்ச் 19. சங்கரன்கோவில் இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு முடிந்தது அதற்கு முந்தைய நாள். தேதிகளை அருகருகே வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் கற்பிப்பதற்கு வேறு சான்று வேண்டும். ஆனால் போராட்டக்காரர் ஒருவர் ஏன் தாமே வேட்பாளராக நிற்க முடிவெடுத்தார் என்ற கேள்விக்கு, அவருடைய நேர்காணல்கள் பத்தைவிட இந்த ஒரு தாள் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

தொகுதி எல்லையைப் பார்க்காமல் வாக்கைப் பார்க்கக் கூடாது

உதயகுமாரன் 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சியின் வேட்பாளராகக் கன்னியாகுமரித் தொகுதியிலும், 2016 சட்டமன்றத் தேர்தலில் பச்சைத் தமிழகம் சார்பில் ராதாபுரம் தொகுதியிலும் போட்டியிட்டார். இரண்டிலும் தோற்றார். இந்த இரு வாக்கு எண்ணிக்கைகளையும் அடுத்தடுத்து எழுதி, ‘இரண்டே ஆண்டில் செல்வாக்கு சரிந்தது’ என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் தவறு. கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதி என்பது கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது; ராதாபுரமோ ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று வரைபடத்தைப் பார்த்தால்தான் புலப்படும். கூடங்குளமும் இடிந்தகரையும் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருபவை. ராதாபுரம் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. ஆகவே 2014இல், உண்ணாவிரதப் பந்தலில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்த இடிந்தகரை மக்கள் விரும்பியிருந்தாலும் உதயகுமாரனுக்கு வாக்களித்திருக்க முடியாது; அவர் பெயர் அவர்களுடைய வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே இல்லை. அந்தத் தேர்தலில் இயக்கத்தின் மற்ற இரு முன்னணியினர் அதே கட்சியின் சார்பில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் நின்றார்கள். எனவே 2014க்கும் 2016க்கும் இடையே நியாயமான ஒப்பீடு செய்ய வேண்டுமானால், திருநெல்வேலித் தொகுதியின் ஆம் ஆத்மி வேட்பாளர் ராதாபுரம் சட்டமன்றப் பகுதியில் மட்டும் வாங்கிய வாக்கை எடுத்து, அதை 2016இல் ராதாபுரத்தில் உதயகுமாரன் வாங்கிய வாக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். வேட்பாளர் வேறு, ஊர் ஒன்று. சூழலியல் அரசியலில் ஊரைப் பின்தொடர்வதே சரியான வழி.

இதற்குத் தேவையான ஆவணம் படிவம் 20 எனப்படும் இறுதி முடிவுத் தாள். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்குகள் அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். படிவம் 20இல் சாவடியின் எண் மட்டுமே இருப்பதால், அதே தேர்தலுக்கான வாக்குச்சாவடிப் பட்டியலையும் சேர்த்து எடுத்து, எந்த எண் எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று பொருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தேர்தலின் பட்டியலை இன்னொரு தேர்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சாவடிகள் பிரிக்கப்படும்போதும் சேர்க்கப்படும்போதும் எண்கள் மாறிவிடும். தபால் வாக்குகள் சாவடிக் கணக்கில் சேராமல் கடைசியில் தனியாக வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பொருத்திய பிறகு, பிரச்சினை நேரடியாகத் தொடும் கடலோர ஊர்கள், அதே தொகுதியின் உள்நாட்டு ஊர்கள் என்று இரு குழுவாகக் கூட்டிப் பாருங்கள். மொத்தத்தில் மிகச் சிறிய விழுக்காடாகத் தெரியும் ஒரு வாக்கு, சில சாவடிகளில் குவிந்திருக்கிறதா, தொகுதி முழுவதும் தூவியதுபோல் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் கட்டுரையின் போக்கே மாறும். குவிந்திருந்தால் அவர் ஓர் ஊரின் வேட்பாளர். பரவியிருந்தால் ஒரு கருத்தின் வேட்பாளர்.

டெபாசிட் கணக்கும் ‘வாக்கைப் பிரித்தார்’ என்ற பேச்சும்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் தோற்ற வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும். நோட்டாவுக்கு விழுந்த வாக்குகள் இந்தக் கணக்கில் சேராது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் என்பது பொதுப் பிரிவினருக்கான தொகை. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. ராதாபுரத்தில் 2016இல் முதல் இருவர் மட்டுமே வாங்கிய வாக்குகள் 69,590, 69,541. இவற்றைக் கூட்டி ஆறால் வகுத்தாலே 23,000ஐத் தாண்டிவிடுகிறது. இரு பெரிய கட்சிகள் இப்படி முட்டிக்கொள்ளும் தொகுதியில் மூன்றாவதாக வருபவரே டெபாசிட்டைத் தக்கவைப்பது அரிது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், ‘டெபாசிட் இழந்தார்’ என்ற சொற்றொடர் தாங்கி நிற்கும் அவமானம் குறைந்து, அது வெறும் தகவலாகிவிடும்.

அதே ராதாபுரம் வேறொரு சிக்கலையும் முன்வைக்கிறது. அங்கு அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண 2019இல் உத்தரவாகி, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வித்தியாசம் 49 என்றால், அங்கு நின்ற சிறிய வேட்பாளர்கள் பலரும் தனித்தனியே முடிவை மாற்றியவர்கள் என்று வாதிட முடியும். இந்த வாதத்தைச் சூழலியல் வேட்பாளர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவதை நான் ஏற்பதில்லை. அவர் நிற்காவிட்டால் அந்த வாக்காளர்கள் யாருக்குப் போட்டிருப்பார்கள், போட்டிருப்பார்களா என்பதைப் படிவம் 20 சொல்லாது. ‘வாக்கைப் பிரித்தார்’ என்று சொன்னவர்கள் யார், எந்தக் கட்சிக்காரர்கள், எப்போது சொன்னார்கள் என்பதைப் பதிவு செய்வதுதான் எழுதுபவரின் வேலை.

பெயர், கட்சி, சின்னம்

பெயர்க் குழப்பம் இந்த வேலையில் ஓயாத தொல்லை. செய்தித்தாள்கள் ஒரே நபரை உதயகுமார் என்றும் உதயகுமாரன் என்றும் எழுதுகின்றன; அதிமுகவின் ஆர்.பி. உதயகுமாரோ அதே 2016 தேர்தலில் திருமங்கலத்தில் நின்று வென்றவர். தேடுபொறியில் கிடைத்த செய்தியை அப்படியே சேர்த்துக்கொண்டால், அணு உலை எதிர்ப்பாளரின் வாழ்வில் ஓர் அமைச்சர் பதவி புகுந்துவிடும். ஆங்கில எழுத்துக்கூட்டல் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதால், தொகுதி, ஆண்டு, வயது மூன்றும் ஒத்துப்போன பிறகே ஓர் ஆவணத்தை இவருடையது என்று ஏற்க வேண்டும்.

கட்சியைப் பொறுத்தவரை, பதிவு பெற்ற ஆனால் அங்கீகாரம் பெறாத கட்சி, பதிவே ஆகாத கட்சி, பெரிய கட்சியின் சூழல் அணி ஆகிய மூன்றையும் கலந்துவிடக் கூடாது. பதிவாகாத கட்சியின் வேட்பாளர் ஆணையத்தின் பட்டியலில் சுயேச்சையாகவே வருவார். சுவரொட்டியில் கட்சிக் கொடி பறந்துகொண்டிருக்கும். இரண்டையும் குறிப்பிட்டு, ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கிவிடுவது நல்லது. ஒருவர் கட்சி மாறியிருந்தால் காரணத்தையும் தேட வேண்டும். உதயகுமாரன் ஆம் ஆத்மியிலிருந்து விலகியது அணுசக்தி பற்றி அக்கட்சி தெளிவான நிலைப்பாடு எடுக்கவில்லை என்ற குறையோடுதான். அதாவது, கட்சி மாறியது, பிரச்சினை மாறவில்லை. தேசியக் கட்சிகளில் நடக்கும் கட்சித் தாவலோடு இதை ஒரே சொல்லில் அடைப்பது வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

சின்னத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கத் தயங்க வேண்டாம். 2014இல் அவருக்குக் கட்சியின் துடைப்பம் இருந்தது. தொலைக்காட்சி அதை நாடு முழுவதும் ஏற்கெனவே அறிமுகப்படுத்தியிருந்தது. அங்கீகாரமற்ற சிறிய கட்சியின் வேட்பாளருக்கோ, எந்தக் கட்சிக்கும் உரியதாகாத சின்னங்களைக் கொண்ட ஆணையத்தின் பட்டியலிலிருந்து ஒன்று, பெரும்பாலும் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் ஒதுக்கப்படும். அந்த நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச இடைவெளி இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் நோட்டீஸ் அச்சடித்து, கடலுக்குப் போய்த் திரும்பும் வாக்காளரிடம் புதிய படத்தைப் பழக்கி, மறுபடி அடுத்த தேர்தலில் வேறொரு படத்தோடு அதே வாசலில் போய் நிற்க வேண்டும். சிறிய வேட்பாளர் வாக்குகள் ஏன் தேறுவதில்லை என்பதற்கு இந்த ஏற்பாட்டின் பங்கு பெரிது. ஆய்வேடுகளில் இது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

பிரமாணப் பத்திரத்தைப் படிக்கும் முறை

வேட்புமனுவுடன் இணைக்கப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், கல்வி, தொழில், வழக்குகள் எல்லாம் இருக்கும். சூழலியல் போராட்டத்திலிருந்து வந்த வேட்பாளருக்கு வழக்குப் பகுதி மட்டும் பக்கம் பக்கமாக நீளும். 2014இல் உதயகுமாரன் மீது நிலுவையில் இருந்ததாகக் காட்டப்பட்ட வழக்குகள் முந்நூறுக்கும் மேல். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே மிக அதிக வழக்குகள் உள்ள வேட்பாளர்களைப் பட்டியலிட்டபோது, கூடங்குளம் போராட்டக்காரர்கள் மேலே வந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் பெரும் குற்றவாளிகள் இவர்களே.

இங்கே அவசரப்படாமல், ஒவ்வொரு வழக்கின் காவல் நிலையம், ஆண்டு, சட்டப்பிரிவு ஆகியவற்றை அட்டவணையாக்க வேண்டும். பெரும்பகுதி ஒரே காவல் நிலையத்தில், ஒரே இரண்டு மூன்று ஆண்டுகளில், சட்டவிரோதமாகக் கூடுதல் போன்ற திரும்பத் திரும்ப வரும் பிரிவுகளில் பதிவாகியிருந்தால், அந்த அட்டவணை தனிமனிதரின் குற்ற வரலாற்றைவிட ஒரு போராட்டத்தைக் காவல்துறை கையாண்ட விதத்தையே காட்டும். அந்தப் போராட்டத்தில் தேசத் துரோகப் பிரிவின் கீழ் வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2013 தீர்ப்பில் அணுமின் நிலையத்தை அனுமதித்த உச்ச நீதிமன்றமே, அமைதி திரும்புவதற்காகப் போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. எனவே 2014, 2016 பத்திரங்களை அருகருகே வைத்து எந்த வழக்கு நீங்கியது, எது நீடித்தது, எதில் குற்றச்சாட்டு பதிவானது என்று பார்க்க வேண்டும். வழக்குப் பதிவு, குற்றச்சாட்டு, தண்டனை மூன்றும் வேறு வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதுவது அவதூறு வழக்குக்கு உங்களையே இட்டுச்செல்லும். அந்த வழக்குகளில் உடன் சேர்க்கப்பட்ட ஊர்மக்களின் பெயர்களைக் கட்டுரையில் கொண்டுவரத் தேவையில்லை. அவர்கள் வேட்பாளர்கள் அல்லர்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு வரை தகுதிநீக்கம் வரலாம். தணிக்கையாளரும் அலுவலகமும் இல்லாத சிறிய வேட்பாளர்கள் பலர் இந்தக் காகித வேலையில்தான் இடறுகிறார்கள் என்பதால், உங்கள் வேட்பாளர் அடுத்த தேர்தலில் நிற்காததற்குக் காரணம் தேடும்போது, தகுதிநீக்கப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நோட்டீஸ், உள்ளூர்ப் பதிப்பு, நேர்காணல்

சென்னைப் பதிப்பில் வராத செய்தி திருநெல்வேலி, நாகர்கோவில் பதிப்புகளில் வந்திருக்கும். இணையத்தில் தேடுவதோடு நில்லாமல் மாவட்ட மைய நூலகத்தின் பழைய கட்டுகளைப் புரட்ட வேண்டும். தேர்தல் நோட்டீஸ்களை யாராவது வைத்திருந்தால் படியெடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பொடி எழுத்து வரியைக் கொண்டு, அது எந்த ஊரில் அச்சானது, யார் பொறுப்பேற்றார் என்றெல்லாம் அறியலாம். வாக்குறுதிகளில் அணு உலைக்கு எத்தனை வரி, மீன்பிடித் துறைமுகத்துக்கும் குடிநீருக்கும் எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தால், ‘ஒற்றைப் பிரச்சினைக் கட்சி’ என்ற வழக்கமான குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தெரியும்.

உள்ளாட்சித் தேர்தல்களைத் தனியாகத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. ஆகவே சிறிய கட்சியின் ஆதரவாளர்கள் அங்கு வென்றிருந்தாலும் எந்தப் பட்டியலிலும் கட்சிப் பெயர் இராது, ஊரில் விசாரித்தே அறிய வேண்டும். இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்குள்ள பசுமைக் கட்சி 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 15 விழுக்காடு வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. கரோலின் லூகஸ் 1993இல் ஆக்ஸ்ஃபோர்டுஷையர் கவுன்சில் உறுப்பினராகி, விகிதாசார முறை வந்த பிறகு 1999இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் சென்று, 2010இல்தான் பிரைட்டன் பெவிலியனில் 1,252 வாக்கு வித்தியாசத்தில் அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். உள்ளாட்சி, விகிதாசாரத் தேர்தல் என்ற இரு படிகள் அவருக்குக் கிடைத்தன. நம் ஊரில் இரண்டாவது படியே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நம் வேட்பாளரின் வெற்றி தோல்வியை எடைபோட வேண்டும்.

வேட்பாளரை நேரில் சந்திப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைப் படித்துவிட்டுப் போனால், ‘ஏன் தோற்றீர்கள்’ என்று கேட்டு அவருக்குப் பழகிப்போன பதிலையே வாங்கி வராமல், குறிப்பிட்ட ஒரு சாவடியில் வாக்கு ஏன் குறைந்தது, முகவர் போட ஆள் கிடைத்தாரா, 2014இல் அந்தத் தொகுதியைத் தேர்ந்தெடுத்தது யார் முடிவு, எந்த ஊருக்குள் பிரச்சாரத்துக்கு நுழைய முடியவில்லை என்று கேட்க முடியும். அதே கேள்விகளை எதிர்த்து நின்ற கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரிடமும், போராட்டத்தை ஆதரித்துவிட்டு வாக்கை வேறு கட்சிக்குப் போட்ட ஊர்க்காரர் ஒருவரிடமும், பெயர் வெளியிடுவதில்லை என்ற உறுதியோடு கேட்க வேண்டும். மூன்றாமவர் சொல்வதுதான் பெரும்பாலும் மிகப் பயனுள்ளது: அணு உலையை எதிர்ப்பது வேறு, ரேஷன் கடைக்கும் படகு மானியத்துக்கும் ஆட்சியில் இருப்பவரை அணுகுவது வேறு என்று அவர்கள் போடும் கணக்கை எந்தப் படிவத்திலும் பார்க்க முடியாது. அவர்கள் மூவரின் பதில்களும் முரண்பட்டால் சமரசம் செய்யாமல் மூன்றையும் அப்படியே கொடுத்து, அருகில் அந்தச் சாவடியின் எண்ணிக்கையை வைத்துவிடுங்கள்.